எண்ணிக்கைப் பட்டியலில் பூஜ்யங்கள் விடுபடாமல் இருக்க

தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் எஸ்கியூஎல் மொழி பற்றி வந்த ஒரு கேள்வியின் சாரம் இது. ஒரு மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் "மையம்" என்ற அட்டவணையிலும், அங்கு வந்தவர்களின் விவரங்கள் "நோயாளி" என்ற அட்டவணையிலும் உள்ளன. குறிப்பிட்ட வாரத்தில் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பேர் வயிற்றுப்போக்குடன் வந்தார்கள் என்று பட்டியல் எடுத்தால், ஒருவரும் வராத நிலையங்கள் பட்டியலிலேயே இல்லை. இணை கிடைத்த வரிசைகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினை, இடப்பக்கத்து அட்டவணையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயினாக மாற்றியும் பலனில்லை. நிபந்தனையை இடம் மாற்றிப் பார்த்தபோது எல்லா நிலையங்களும் வந்துவிட்டன. ஆனால் பூஜ்யம் வர வேண்டிய இடத்திலெல்லாம் 1 வருகிறது.

ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்தது வெளியே தெரிகிறது. அதனால்தான் லெஃப்ட் ஜாயினே வேலை செய்யவில்லை என்ற எண்ணம் வருகிறது. சரியான வினவலை முதலில் தந்துவிடுகிறேன். கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் இடும்போது அவற்றின் வழக்கமான எழுத்திலேயே இடுங்கள். "ம", "நோ" என்பவை இரண்டு அட்டவணைகளின் சுருக்கப் பெயர்கள்.

செலக்ட் ம.எண், ம.பெயர், கவுன்ட்(நோ.எண்) ஆஸ் எண்ணிக்கை
ஃப்ரம் மையம் ம
லெஃப்ட் ஜாயின் நோயாளி நோ
ஆன் நோ.மைய_எண் = ம.எண்
ஆண்ட் நோ.நோய் = 'வயிற்றுப்போக்கு'
ஆண்ட் நோ.நாள் >= '2024-07-01'
ஆண்ட் நோ.நாள் < '2024-07-08'
வேர் ம.வட்டாரம் = 7
குரூப் பை ம.எண், ம.பெயர்

முதல் கோளாறு, வரிசைகள் மறைவது. குரூப் பை என்பது தன்னிடம் வந்து சேரும் வரிசைகளைப் பிரித்து அடுக்குவது மட்டுமே. வராத வரிசைக்காக அது ஒரு குழுவை உருவாக்காது. குரூப் பை இல்லாமல், எந்த வரிசைக்கும் பொருந்தாத நிபந்தனையோடு கவுன்ட்(*) கேட்டால் 0 என்ற ஒரே வரிசை விடையாக வரும். அதே வினவலில் குரூப் பை மைய_எண் என்று சேர்த்தால் விடையில் ஒரு வரிசைகூட இருக்காது. முன்னதில் முழு அட்டவணையும் ஒரே குழு என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், அந்தக் குழு காலியாக இருந்தாலும் அதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. பின்னதில் குழுக்களே தரவிலிருந்துதான் பிறக்கின்றன. கல்யாண வீட்டு மொய் நோட்டை எத்தனை முறை புரட்டினாலும் மொய் எழுதாதவர் யார் என்று அதிலிருந்து தெரியாது. பத்திரிகை வைத்தவர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் தெரியும். உங்கள் தரவுத்தளத்தில் அந்தப் பட்டியல் "மையம்" அட்டவணை. அது ஜாயினின் இடப்பக்கம் நிற்க வேண்டும்; குழு பிரிப்பதும் அதன் எண்ணைக் கொண்டே நடக்க வேண்டும். லெஃப்ட் ஜாயினைச் சரியாக எழுதிவிட்டு, குரூப் பையில் மட்டும் நோ.மைய_எண் என்று வலப்பக்கத்து நெடுவரிசையை இட்டால், நோயாளி வராத நிலையங்கள் அனைத்தும் வெற்று மதிப்பு (நல், அதாவது மதிப்பே இல்லாமை) கொண்ட ஒரே குழுவாகச் சேர்ந்துவிடும். பெயரை மட்டும் வைத்துக் குழு பிரிப்பதும் ஆபத்துதான். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது நம் மாவட்டங்களில் அரிதல்ல. இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது கோளாறு, லெஃப்ட் ஜாயின் போட்டும் வரிசைகள் மறைவது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஆன் பகுதி, இடப்பக்கத்து வரிசைக்கு வலப்பக்கத்தில் இணை எது என்று தீர்மானிக்கிறது. இணை எதுவும் கிடைக்காவிட்டால் இடப்பக்கத்து வரிசையை வைத்துக்கொண்டு, வலப்பக்கத்து நெடுவரிசைகளை எல்லாம் வெற்று மதிப்பால் நிரப்பி ஒரு வரிசையை அனுப்புகிறது. வேர் பகுதி அதன் பிறகே தன் வேலையைத் தொடங்குகிறது. நோ.நோய் = 'வயிற்றுப்போக்கு' என்ற நிபந்தனை வேரில் இருந்தால், நிரப்பி அனுப்பப்பட்ட வரிசையில் நோ.நோய் வெற்றாக இருக்கும். வெற்று மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல, தெரியவில்லை என்பதே. மெய் என்று உறுதியானதை மட்டுமே வேர் உள்ளே விடும். ஆகவே லெஃப்ட் ஜாயின் பாடுபட்டுக் காப்பாற்றிய வரிசையை அடுத்த படியில் வேர் தள்ளிவிடுகிறது. பல தரவுத்தளங்கள் இத்தகைய வினவலைக் கண்டதும் அதை இன்னர் ஜாயினாகவே மாற்றி இயக்குகின்றன. வினவலை எப்படி இயக்குகிறது என்று தரவுத்தளம் காட்டும் இயக்கத் திட்டத்தை எடுத்துப் பார்த்தால் லெஃப்ட் என்ற சொல்லே அங்கு இராது.

இதற்கு மாற்றாக, வேரிலேயே "அல்லது நோ.நோய் இஸ் நல்" என்று ஓர் ஒட்டுப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். நோயாளி அட்டவணையில் எந்தப் பதிவுமே இல்லாத நிலையத்துக்கு அது சரியாகத் தோன்றும். ஆனால் ஒரு நிலையத்தில் அந்த வாரம் காய்ச்சல் நோயாளிகள் நால்வர் வந்து, வயிற்றுப்போக்குடன் ஒருவரும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன் பகுதி மைய எண்ணை மட்டுமே பார்ப்பதால் அந்த நால்வரும் இணையாகிவிடுவார்கள். வெற்று வரிசை உருவாகவே உருவாகாது. வேரில் நால்வரும் தள்ளப்படுவார்கள், நிலையமும் அவர்களோடு போய்விடும். சிறிய சோதனைத் தரவில் இது தென்படாது. உண்மைத் தரவில் எல்லா நிலையங்களிலும் ஏதோ ஒரு நோய்க்கு யாரேனும் வந்திருப்பார்கள் என்பதால், பூஜ்யங்கள் ஏறத்தாழ முழுவதுமாகக் காணாமல் போகும்.

இதிலிருந்து "நிபந்தனை எல்லாவற்றையும் ஆனில் போடு" என்று ஒரு விதி செய்துகொண்டால் அதுவும் தவறாக முடியும். மேலுள்ள வினவலில் ம.வட்டாரம் = 7 என்பது வேரில் இருப்பதைக் கவனியுங்கள். அதை ஆனுக்கு மாற்றினால், மற்ற வட்டாரங்களின் நிலையங்களுக்கு இணை கிடைக்காது. ஆனால் அவை இடப்பக்கத்து வரிசைகள் என்பதால் போகவும் மாட்டா. மாவட்டத்தின் எல்லா நிலையங்களும் விடையில் வந்து, ஏழாம் வட்டாரத்தைச் சேராதவை அனைத்தும் 0 என்று நிற்கும். மறைந்த பூஜ்யத்தைவிட இந்தப் பொய்ப் பூஜ்யம் மோசமானது. ஏனென்றால் பட்டியல் முழுமையாக இருப்பதுபோல் தோன்றும்போது யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வரையறுக்கும் நிபந்தனை வேருக்கு உரியது. அவர்களுக்கு எதிரே எதை எண்ணுகிறோம் என்பதை வரையறுக்கும் நிபந்தனை ஆனுக்கு உரியது.

மூன்றாவது கோளாறு, பூஜ்யத்துக்குப் பதில் 1. கவுன்ட்(*) வரிசைகளை எண்ணுகிறது. இணை கிடைக்காத நிலையத்துக்கும் நிரப்பப்பட்ட ஒரு வரிசை இருக்கிறது அல்லவா, அதுதான் அந்த 1. கவுன்ட்(1) என்று எழுதினாலும் இதே விடைதான். கவுன்ட்(நோ.எண்) என்று ஒரு நெடுவரிசையைக் குறிப்பிட்டால், அதில் வெற்றாக இல்லாதவை மட்டுமே எண்ணப்படும். எந்த நெடுவரிசையைக் குறிப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்: வலப்பக்கத்து அட்டவணையின் முதன்மைச் சாவியே (ஒவ்வொரு வரிசைக்கும் தனித்த, காலியாக இராத அடையாளம்) பாதுகாப்பானது. வயது, ஆய்வக முடிவு போன்று இயல்பாகவே காலியாக விடப்படக்கூடிய புலத்தை எண்ணினால், வயது குறிக்காத நோயாளிகள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

கூட்டுத்தொகைக்கு வேறு நடைமுறை. எண்ணுவதற்கு ஏதுமில்லை என்றால் கவுன்ட் 0 தரும். கூட்டுவதற்கு ஏதுமில்லை என்றால் சம் வெற்று மதிப்பைத் தரும். ஆகவே வழங்கிய உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கூட்டும்போது கோலெஸ்(சம்(நோ.பொட்டலம்), 0) என்று எழுத வேண்டும்; வெற்று மதிப்பு வந்தால் அதற்குப் பதில் 0 இடுவது கோலெஸின் வேலை. சராசரிக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். நோயாளியே வராத நிலையத்தில் நோயாளிகளின் சராசரி வயது 0 என்று அச்சிட்டால், அன்று பிறந்த குழந்தைகள் மட்டுமே அங்கு வந்தார்கள் என்று பொருளாகிவிடும். அங்கே வெற்று மதிப்பே நேர்மையான விடை.

இந்த வினவல் சரியாக ஓடத் தொடங்கியதும் அடுத்து என்ன கேட்பார்கள் என்பதும் தெரிந்ததுதான்: அதே பட்டியலில் ஒவ்வொரு நிலையத்தின் பகுதியிலும் எடுத்த குடிநீர் மாதிரிகளின் எண்ணிக்கையும் வேண்டும். இயல்பாகவே இன்னொரு லெஃப்ட் ஜாயினைக் கீழே சேர்க்கத் தோன்றும். மூன்று நோயாளிகளும் நான்கு நீர் மாதிரிகளும் உள்ள நிலையத்தில் ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு மாதிரியோடும் இணைந்து 12 வரிசைகள் உருவாகும். இரண்டு எண்ணிக்கைகளும் 12 என்று வரும். இதில் பூஜ்யத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டில் ஒன்று பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருக்கும் நிலையங்களில் மற்றதன் எண்ணிக்கை சரியாகவே வரும். ஆகவே பூஜ்யங்கள் சரியாக வருகின்றனவா என்று மட்டும் சோதிப்பவர், எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடுவார். ஒரே மதிப்பு திரும்ப வந்தாலும் ஒருமுறை மட்டுமே எண்ணும் கவுன்ட்(டிஸ்டிங்க்ட் நோ.எண்) எண்ணிக்கையைக் காப்பாற்றும், ஆனால் கூட்டுத்தொகையை அது காப்பாற்றாது. சம்(டிஸ்டிங்க்ட்) என்று எழுதினால், ஒரே அளவு பொட்டலம் பெற்ற இருவரில் ஒருவர் கணக்கில் வரமாட்டார்.

நான் பரிந்துரைப்பது, ஒவ்வொரு கிளை அட்டவணையையும் தனித்தனியே மைய எண் வாரியாகச் சுருக்கிவிட்டு, அந்தச் சுருக்கங்களை மையத்தோடு லெஃப்ட் ஜாயின் செய்வது. அப்போது ஒரு நிலையத்துக்கு ஒவ்வொரு சுருக்கத்திலும் அதிகபட்சம் ஒரு வரிசைதான் இருக்கும், பெருக்கத்துக்கு இடமில்லை. இந்த முறையில் எண்ணிக்கைக்கும் கோலெஸ் தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம். சுருக்கத்தில் இல்லாத நிலையத்துக்கு வெற்று மதிப்புதான் வந்து சேரும். அட்டவணைகள் சிறியவை என்றால், செலக்ட் பகுதியிலேயே நிலையம்தோறும் ஒரு துணை வினவல் எழுதி அதில் கவுன்ட்(*) கேட்பதும் தெளிவான வழி. துணை வினவலில் குரூப் பை இல்லாததால், மேலே சொன்னபடி 0 தானாகவே வரும்.

துணை வினவலும் ஜாயினும் ஒன்றுக்கொன்று சமம் என்று கருதும்போது பூஜ்யம் தவறிப்போவது தேர்ந்தவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1982இல் வோன் கிம் என்ற ஆய்வாளர், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வினவல்களை ஜாயினும் குரூப் பையுமாக மாற்றி வேகமாக இயக்கும் முறைகளை வெளியிட்டார். வினவல் இயக்க ஆய்வில் அது அடித்தளமான கட்டுரை. ஆனால் உள்வினவல் எண்ணிக்கையைக் கேட்கும்போது அந்த மாற்றம் தவறான விடை தரும் என்பதை வெர்னர் கீஸ்லிங் என்ற ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினார். அவர் காட்டிய உதாரணம், கையிருப்பும் வரவுகளின் எண்ணிக்கையும் சமமாக உள்ள பாகங்களைக் கேட்கும் வினவல். கையிருப்பு பூஜ்யமாகவும், அதற்கான வரவுகளும் பூஜ்யமாகவும் உள்ள பாகம் மூல வினவலில் விடையாக வரும். மாற்றிய வினவலில், வரவே இல்லாத பாகத்துக்குக் குழுவே அமையாததால் அது விடுபடும். 1987இல் கான்ஸ்கி, வோங் என்ற இரு ஆய்வாளர்கள் அவுட்டர் ஜாயினைக் (லெஃப்ட் ஜாயினும் இந்த வகையே) கொண்டு அதைத் திருத்தினார்கள். துறையில் அதற்கு இன்றும் "கவுன்ட் பக்" என்றே பெயர். உங்கள் வினவலில் நடந்ததும் இதே நிகழ்வுதான்.

ஜாயின்கள் சங்கிலியாகத் தொடரும்போதும் வேரில் நடந்தது இன்னொரு வேடத்தில் நடக்கும். மையத்தோடு நோயாளியை லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு, நோயாளியோடு ஆய்வக முடிவை இன்னர் ஜாயின் செய்தால், நோயாளி இல்லாத நிலையம் இரண்டாவது படியில் விழுந்துவிடும். நோயாளியையும் ஆய்வக முடிவையும் அடைப்புக்குள் முதலில் இணைத்து, அந்த முழுத் தொகுப்பையும் மையத்துக்கு வலப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்வதே சரி.

இதுவரை நிலையம் வாரியாக மட்டும் பார்த்தோம். நிலையம், நோய், வாரம் என்ற மூன்றின் வாரியாகவும் பட்டியல் வேண்டும் என்றால் மையம் அட்டவணை மட்டும் இடப்பக்கம் இருந்தால் போதாது. ஒரு நிலையத்தில் காய்ச்சல் பதிவாகி, வயிற்றுப்போக்கு பதிவாகவில்லை என்றால், அந்த நிலையத்துக்கு வயிற்றுப்போக்கு என்ற வரிசை எங்கிருந்து வரும்? எதிர்பார்க்கப்படும் எல்லாச் சேர்க்கைகளையும் முதலில் கிராஸ் ஜாயினால் உருவாக்கி, வித் கொண்டு அதற்குக் "கட்டம்" என்று பெயரிட வேண்டும்:

வித் கட்டம் ஆஸ் (
செலக்ட் ம.எண் ஆஸ் மைய_எண், வகை.நோய், வா.தொடக்கம், வா.முடிவு
ஃப்ரம் மையம் ம
கிராஸ் ஜாயின் நோய்வகை வகை
கிராஸ் ஜாயின் வாரம் வா
வேர் வா.தொடக்கம் >= ம.திறந்த_நாள்)

இந்தக் கட்டத்தை இடப்பக்கம் வைத்து, மைய எண், நோய், நாள் மூன்றையும் ஆனில் பொருத்தி, நோயாளியை லெஃப்ட் ஜாயின் செய்யலாம். 400 நிலையங்கள், 20 நோய்கள், 52 வாரங்கள் என்றால் 4,16,000 வரிசைகள். இன்றைய தரவுத்தளங்களுக்கு இது பெரிய சுமை அல்ல. கட்டத்தில் உள்ள திறந்த_நாள் நிபந்தனையை அலங்காரம் என்று எண்ண வேண்டாம். ஆகஸ்டில் திறந்த நிலையத்துக்கு ஜனவரி முதல் பூஜ்யம் எழுதுவது பொய்க் கணக்கு. வாரம் அட்டவணை உங்களிடம் இல்லை என்றால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தொடர்வரிசையை உருவாக்கித் தரும் ஜெனரேட் சீரீஸ் செயற்கூறு இருக்கிறது, எஸ்கியூஎல் சர்வரில் 2022 பதிப்பிலிருந்து அதே பெயரில் ஒன்று உண்டு, மைஎஸ்கியூஎல்லில் 8.0 முதல் தன்னையே அழைக்கும் வித் வினவலால் நாள்களை உருவாக்கலாம். ஆனாலும் வாரங்களை ஒரு நிரந்தர அட்டவணையாகவே வைத்துக்கொள்வதை நான் விரும்புகிறேன். வாரம் திங்களில் தொடங்குகிறதா ஞாயிறில் தொடங்குகிறதா என்பதை ஒவ்வொரு வினவலும் தனித்தனியே முடிவுசெய்யும் நிலை அப்போது இராது. முடிவு என்ற புலத்தில் அடுத்த திங்கட்கிழமையையே வைத்து, "அதற்கு முன்" என்று ஒப்பிடுங்கள். நாளோடு நேரமும் பதிவாகும் அட்டவணைகளில் ஞாயிறு மாலை வந்தவர்கள் விடுபட மாட்டார்கள்.

இனி, கேள்வியில் கேட்கப்படாத, ஆனால் இந்தத் தரவுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. நோயாளி அட்டவணையில் ஒரு நிலையத்தின் பெயரில் பதிவு இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஒருவரும் வரவில்லை, அல்லது அந்த வார அறிக்கையை நிலையம் அனுப்பவே இல்லை. லெஃப்ட் ஜாயினுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் 0 என்றே எழுதும். நோய்க் கண்காணிப்பில் இவை எதிரெதிரான செய்திகள். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் வாரந்தோறும் அறிக்கை பெறும் முறை அமைந்ததும், போலியோ கண்காணிப்பில் நோயாளியே இல்லாத வாரத்திலும் "இல்லை" என்று எழுதி அனுப்ப வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்தியதும் இதனால்தான். அந்தக் கண்காணிப்பில் பூஜ்யத்தைக்கூட அப்படியே ஏற்பதில்லை. 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் போலியோ அல்லாத காரணங்களாலும் திடீர்த் தளர்வாதம் வரும் என்பதால், ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஒன்றாவது பதிவாகாத பகுதியில் கண்காணிப்பே பழுதாக இருக்கிறது என்று கொள்வார்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளின் பூஜ்யங்கள் வந்துசேர்ந்த அறிக்கைகளின் பூஜ்யங்களாக இருந்ததால்தான் அந்தச் சான்றுக்கு மதிப்பு உண்டு.

ஆகவே "அறிக்கை" என்று மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும்: எந்த நிலையம், எந்த வாரம், எந்த நாளில் அனுப்பியது. அதையும் கட்டத்தோடு லெஃப்ட் ஜாயின் செய்து, எண்ணிக்கைக்கான நெடுவரிசையை இப்படி எழுதுங்கள். இதில் "அ" என்பது அறிக்கை அட்டவணை, "தொ" என்பது முன்பே சுருக்கிவைத்த நோயாளிகளின் தொகுப்பு:

கேஸ் வென் அ.மைய_எண் இஸ் நாட் நல் தென் கோலெஸ்(தொ.எண்ணிக்கை, 0) எல்ஸ் தொ.எண்ணிக்கை என்ட்

அறிக்கை வந்திருந்தால் பூஜ்யம் பூஜ்யமாகவே வரும். வராதிருந்தால் அந்த இடம் வெற்றாக நிற்கும். அறிக்கை இல்லை, ஆனால் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள் என்ற நிலை வந்தால் எண் மறையாமல் தெரியும். அந்த நிலையங்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு சராசரியிலும் தெரியும். பத்து நிலையங்களில் ஆறு மட்டும் அறிக்கை அனுப்பி, மொத்தம் 30 நோயாளிகள் என்றால், சராசரி 5. மற்ற நான்குக்கும் பூஜ்யம் நிரப்பினால் அது 3 ஆகிவிடும். நோய் குறைந்திருப்பதாக ஒரு வரைபடம் காட்டும்.

"ஐந்துக்குக் குறைவாக" என்பது போன்ற நிபந்தனையை, குழு பிரித்து எண்ணிய பின் வடிகட்டும் ஹேவிங் பகுதியில் வைக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. இன்னர் ஜாயினோடு அதை எழுதினால் 1 முதல் 4 வரை உள்ள நிலையங்களே வரும். பட்டியலில் முதலில் இருந்திருக்க வேண்டிய பூஜ்ய நிலையங்கள் வராது. பூஜ்யமாக உள்ளவை மட்டுமே வேண்டும் என்றால் எண்ணவே தேவையில்லை. பொருந்தும் வரிசை ஒன்றுகூட இல்லையா என்று மட்டும் பார்க்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் போதும். அதற்குப் பதிலாக நாட் இன் எழுதினால், நோயாளி அட்டவணையில் மைய எண் வெற்றாக உள்ள ஒரே ஒரு வரிசை இருந்தாலும் விடை முழுவதும் காலியாகிவிடும்.

வினவலை முடித்தபின் இரண்டு சரிபார்ப்புகளைச் செய்யுங்கள். விடையின் வரிசை எண்ணிக்கை, கட்டத்தின் வரிசை எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ ஒரு நிபந்தனை வேரில் தங்கியிருக்கிறது, கூடினால் எங்கோ பெருக்கம் நடந்திருக்கிறது. அடுத்து, விடையிலுள்ள எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை, அதே காலத்துக்கு நோயாளி அட்டவணையில் நேரடியாக எண்ணிய தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இது குறைந்தால், மைய எண் குறிக்கப்படாத அல்லது மையம் அட்டவணையில் இல்லாத எண்ணோடு பதிவான நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். நோய்வகைப் பட்டியலில் இல்லாத நோயின் பெயரோ, நிலையம் திறந்த நாளுக்கு முந்தைய பதிவோகூடக் காரணமாக இருக்கலாம். இப்படி இணை கிடைக்காத நோயாளிகளையும் பட்டியலிலேயே காட்ட ஃபுல் ஜாயின் உதவும். அது எஸ்கியூலைட்டில் 2022இன் 3.39 பதிப்பிலிருந்துதான் உண்டு, மைஎஸ்கியூஎல்லில் கிடையாது என்பதால் அங்கே இரண்டு லெஃப்ட் ஜாயின்களை யூனியன் ஆல் கொண்டு சேர்த்து, இரண்டாவதில் இணை இல்லாத வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.